ஊரே ஆணி மிதித்த மாதம்

தட்டு மஞ்சளாகிவிட்டது. முழுத் தட்டும்.

உள்ளங்கை அளவு பிளாஸ்ரிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு குழிகள். குழிக்குக் குழி சண்டிலிப்பாய் ஆட்களின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரில் ஒரு துளி. ஏற்புவலி என்கிற ரெற்றனஸின் நஞ்சை எதிர்க்கிற பிறபொருளெதிரி அந்த இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழி மஞ்சளாகும். நிறைய இருந்தால் பூவரசம் பூ. கொஞ்சம் இருந்தால் பழைய கடதாசி. இல்லையென்றால் வெறும் தண்ணீர். நான் காத்திருந்தது பழைய கடதாசிக்கு. மூன்று வருடமாகக் காத்திருந்தேன். கிடைத்தது ஒரு தோட்டம் பூவரசு.

ஏற்பு ஊசி என்பது பல்லுப் பிடுங்கிய நஞ்சு. மண்ணிலும் மாட்டெருவிலும் கிடக்கிற ஒரு பக்டீரியா காயத்துக்குள் புகுந்து, காற்றுப் படாத மூலையில் இருந்துகொண்டு அந்த நஞ்சைக் கக்கும். தாடை பூட்டும். முதுகு வில்லாய் வளையும். அதே நஞ்சை மருந்தில் போட்டுச் சாதுவாக்கி உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறோம். உடம்பு அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு காலத்துக்கு? அதுதான் என் கேள்வி. நஞ்சின் ஒரு துண்டை மட்டும் வைத்து, இன்னும் நீண்ட ஞாபகம் தருகிற ஊசி ஒன்றைச் செய்ய எங்கள் ஆய்வுகூடம் முயல்கிறது. புதியது நல்லது என்று சொல்ல வாய் திறப்பதென்றால், பழையதன் ஞாபகம் எங்கள் மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர்களிடம் எப்படித் தேய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒருமுறை இரத்தம் எடுத்து, மூன்று வருடம் பொறுத்து, அதே ஆட்களிடம் மறுமுறை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பொறுப்பதுதான் வேலை.

"அக்கா, கழுவினது காணாதோ?" என்றாள் என்னோடு வேலை செய்கிறவள்.

கழுவினேன். மறுபடியும் செய்தேன். புதுக் கரைசல் கலந்தேன், பிப்பெட்டைச் சரிபார்த்தேன், மின்வெட்டில் பிரிட்ஜ் சூடேறியதோ என்று பதிவேட்டைப் புரட்டினேன். நாற்பத்தெட்டு வயதில் என் கையையே நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். மூன்றாம் தடவை, தட்டின் ஒரு பாதியில், இதே ஆய்வில் இருக்கிற வல்வெட்டித்துறை மீனவர்களின் துளிகளையும் மறு பாதியில் சண்டிலிப்பாய்த் துளிகளையும் விட்டேன். கடற்கரைப் பாதி நான் நினைத்தபடியே மங்கி வந்தது. தோட்டக்காரப் பாதி பூத்துக் குலுங்கியது.

அப்படியென்றால் பிழை கையில் இல்லை. ஊரில்.

அந்தப் பூவுக்கு நடுவே ஒரு குழி மட்டும் தண்ணீராய் நின்றது. துளி விட மறந்தேனாக்கும் என்று திரும்ப விட்டேன். திரும்பவும் தண்ணீர். எண்ணைப் பார்த்து, பட்டியலைத் திறந்தேன். அந்த ஊர்க் கணக்கு மாஸ்டரின் மனைவி.

மாஸ்டர்தான் வாசிகசாலையில் ஆட்களைக் கூட்டி எங்களுக்கு இரத்தம் எடுக்க ஒழுங்கு செய்து தந்தவர். ஓய்வு பெற்றவர், கணக்கிலிருந்து மட்டும் ஓய்வு பெறாதவர். ஆய்வுகூடம் இருக்கிற உடுவிலிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வழியெல்லாம் கேள்வியைப் பணிவாக்கிக்கொண்டு போனேன். வாசிகசாலை வாங்கில் பேப்பரோடு இருந்தார்.

"சேர், ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. எங்கடை ஆக்கள் ஆரும் இடையிலை ஏற்பு ஊசி போட்டவையோ?"

பேப்பரை மடித்தார். சிரித்தார். "அப்ப றிசல்ட் வந்திட்டுது! எப்பிடிப் பிள்ளை, வல்வெட்டித்துறையை விழுத்திப்போட்டமோ?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே வாங்கில் இருந்து முதல் முடிவுகளைச் சொன்னபோது, ஆட்கள் கொட்டாவி விடுகிறார்களே என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன். 'வல்வெட்டித்துறைப் பக்கம் உங்களைவிடக் கொஞ்சம் கூட.' தூண்டிலும் மீன்முள்ளும் குத்திக் குத்தி அவர்கள் அடிக்கடி ஊசி போட்டவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு ஊருக்கு முன்னால் நின்று இன்னொரு ஊருக்குப் புள்ளி கூட என்று சொன்னவள் நான். வேறு யாரைத் திட்ட?

"விழுத்தினியள் சேர். எக்கச்சக்கமாய்."

"பின்னை! நீங்கள் திரும்ப வாறியள் எண்டு கடிதம் வந்த உடனை வான் பிடிச்சனான். எல்லாரும் ஒரே ஆசுப்பத்திரிக்குப் போனால் ஐமிச்சப்படுவினம் எண்டு மூண்டு இடத்துக்குப் பிரிச்சு விட்டன்."

"என்னெண்டு சொல்லிப் போட்டவை?"

"ஆணி மிதிச்சதெண்டு. எல்லாருக்கும் ஆணிதான். ஒருத்தன் மட்டும் பயத்திலை நாய் கடிச்சதெண்டு சொல்லிப்போட்டு, விசர்நாய் ஊசியும் சேத்து வாங்கிக்கொண்டு வந்தவன், மொக்கன்."

"நான் படிவத்திலை கேட்டனான் சேர்! ஒவ்வொராளையும் இருத்தி வைச்சுக் கேட்டனான். இடையிலை ஊசி போட்டியளோ எண்டு. எல்லாரும் இல்லை எண்டவை!"

"சோதினைக்குப் போற பிள்ளை, நான் விழுந்து விழுந்து படிச்சனான் எண்டு ஆருக்கும் சொல்லுமோ?"

"எந்த நாள் போட்டதெண்டாவது தெரியுமோ? ஆசுப்பத்திரியிலை தந்த ஊசித் துண்டு இருக்கோ?"

"அதை வைச்சிருந்தால் பிடிபட்டுப் போவமெல்லோ. அண்டைக்கே எறிஞ்சாச்சு."

கடைசி வாசலும் சாத்தியாயிற்று. நாள் தெரிந்தால் ஏதோ ஒரு கணக்கைப் போட்டிருப்பேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மூண்டு வருசம் சேர், என்றேன். இந்த ஊரின்ரை இரத்தம் முழுக்க இனி ஒண்டுக்கும் உதவாது, என்றேன். பாஸ், பெயில் எண்டு ஒண்டுமில்லை, என்றேன். சும்மா இருந்திருந்தால் போதும், என்றேன்.

மாஸ்டரின் சிரிப்புப் போய்விட்டது. கோபம் வரவில்லை, ஒரு கணக்கில் எங்கே பிழை என்று தேடுகிற முகம் வந்தது.

"பிள்ளை, உடம்பிலை இருக்கிறது இப்ப காணும், ஆனால் போகப் போகக் குறையும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். குறையுமெண்டு தெரிஞ்சுகொண்டு, தோட்டத்துக்கை வெறுங்காலோடை நிக்கிறவன் சும்மா குந்தியிருக்க வேணுமோ? குறையுதோ எண்டு பாக்க நாங்கள் என்ன எலியோ?"

பதில் இருந்தது. அளவு அடியிலே கிடந்தவர்களுக்கு முதல் தடவையே ஊசி போடச் சொல்லிவிட்டோம், மற்றவர்களும் விரும்பிய நேரம் போடலாம் என்று படிவத்தில் நானே அச்சடித்திருக்கிறேன், போட்டால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். எல்லாம் இருந்தது. அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எரிச்சலிலும் எரிச்சல்.

அவரைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனேன். மாஸ்டரின் மனைவி புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே வாய்க்கால் திருப்பிக்கொண்டு நின்றா. மண்வெட்டி, ஈரச் சேறு, எரு வாசம். குதிக்காலில் புதுக் கீறல் ஒன்று.

என்னைக் கண்டதும் வாசிகசாலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "நான் பெயிலோ, பிள்ளை?"

"அன்ரி, நீங்கள் வானிலை போகேல்லையோ?"

"அண்டைக்கு எங்கடை இறைப்பு முறை. விட்டால் நாலு நாளைக்குக் கிணறு மற்றாக்களுக்கு. இவர் ஊரைக் கூட்டிக்கொண்டு போட்டார், புகையிலைக் கண்டு வாடினால் ஆர் பாக்கிறது? ஊசி போட்டனான் எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டன். கடைசியாய்ப் போட்டது எங்கடை இளையவன் வயித்திலை இருக்கேக்கை. அவன் இப்ப கனடாவிலை வழுக்கையோடை நிக்கிறான்."

மூன்று வருடத்துக்கு முன் பழைய கடதாசி. இன்று தண்ணீர். நான் தேடித் திரிந்த தேய்மானம், பொய் கலவாமல், சேற்றுக்குள் நின்று சேலைத் தலைப்பால் முகம் துடைக்கிறது. ஊர் முழுவதிலும் எனக்கு மிஞ்சிய ஒரே உண்மை. ஒரு புள்ளியை வைத்துக் கோடு கீற முடியாது என்று தெரியும். தெரிந்தும், இன்னும் ஒரு வருடம் இவவை இப்படியே விட்டு எடுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரு கணம்தான். ஓடியது ஓடியதுதான்.

"அன்ரி, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. ஊசி போட வேணும். இப்பவே."

"இப்பவோ? நான் என்னெண்டு சொல்லுறது? ஊரிலை இருந்த ஆணியெல்லாம் முடிஞ்சுபோச்சே."

"ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் கதைக்கிறன். ஏறுங்கோ."

ஸ்கூட்டரின் பின்னால் மண்ணொட்டிய காலோடு ஏறினா. என் பையில் ஆய்வுகூட அடையாள அட்டையும், பரிசோதனை முடிவும், வழியில் மனதுக்குள் ஒழுங்குபடுத்திய ஒரு நேர்மையான விளக்கமும் இருந்தன.

வெளிநோயாளர் பிரிவில் நேர்ஸ் கொப்பியை விரித்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டா. "எந்த ஊர் அம்மா?"

"சண்டிலிப்பாய்."

இப்போது தலை நிமிர்ந்தது. "என்ன, ஆணியோ?"

நான் வாயைத் திறக்க முதல் மாஸ்டரின் மனைவி சொல்லிவிட்டா. "ஓம் பிள்ளை. பெரிய ஆணி."

நேர்ஸ் எழுதினா. என் பட்டியலில் அந்த ஊரின் கடைசி எண்ணை வெட்டுவதற்குப் பேனாவைத் தேடிக்கொண்டு நான் நின்றேன். அவ எழுதியதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை, களைத்துவிட்டேன். எப்போதாவது ஒருநாள், என்னைப்போல ஒருத்தி அந்தக் கொப்பியைத் திறந்து, ஒரே மாதத்தில் இந்த ஊரில் ஏன் இத்தனை ஆணி என்று ஆராய்ச்சி தொடங்குவாள். அவளும் மூன்று வருடம் பொறுப்பாள்.