நாலாவது ஊர்

அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலே பேர். நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகன் இத்தாலியில், டூரின் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஆகஸ்ட் லீவில் மச்சினனைத் தவிர நாங்கள் மூணு பேரும் அங்கே போவதாகவும், வாடகைக் கார் எடுத்து அவனே ஓட்டி ஊர் ஊராகக் காட்டுவதாகவும் திட்டம். டிக்கெட்கூட முன்னமே போட்டுவிட்டான். இப்போது நாலு ஊர்ப் பெயர் அனுப்பி, "சாயந்தரத்துக்குள்ள முடிவு சொல்லுங்கப்பா, ரூம் போடணும்" என்றிருந்தான்.

எந்த ஊர் என்பது எனக்குப் பெரிதில்லை. அவனுக்கு அங்கே லைசென்ஸ் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலைப்பாதை இல்லாத ஊராக இருந்தால் போதும். எட்டாவதோடு நின்றவன் நான். மேப்பை விரித்தால் எல்லா ரோடும் வளைவாகவே தெரிகிறது.

லூக்கா, பீசா, பொலோனியா என்று ஒவ்வொன்றின் தெருப்படத்தையும் மகள் டிவியில் போட்டாள். விரலால் தள்ளத் தள்ள நாமே தெருவில் நடக்கிற மாதிரி நகர்கிறது. நல்ல வெயில். ஆனால் சன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிறது, சத்தமே இல்லை. எதிரே வருகிறவர்களுக்கு முகம் இல்லை. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில் துடைத்துவிட்ட மாதிரி ஒரு கலங்கல்.

"யாருன்னு தெரியக்கூடாதுன்னு கம்ப்யூட்டரே அழிச்சுரும்பா," என்றாள் மகள்.

சரிதான். ஆனாலும் கைக்குழந்தைக்குக்கூட முகம் இல்லையே.

"அங்க போனா உங்களுக்கும் அழிச்சுருவாய்ங்க மாமா," என்றான் மச்சினன்.

"வாயக் கழுவுடா," என்றாள் என் மனைவி.

நாலாவது, தெற்கே ஒரு மலையூர். பெயர் வாயில் நுழையவில்லை. அந்தத் தெருக்களுக்குப் படம் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் மகன் அங்கே போயிருந்தபோது எடுத்த வீடியோவைப் பட்டியலோடு அனுப்பியிருந்தான். அதைப் போட்டோம். படிக்கட்டுத் தெரு, ஈரக் கல், எங்கோ மணிச் சத்தம், அவன் மூச்சு வாங்குவது. அவ்வளவுதான். ஊர் சுற்றப் போனவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சுவரில் வரிசையாக போஸ்டர்கள். கறுப்புக் கட்டம், சிலுவை, படம், பெயர். பாஷை தெரியாவிட்டாலும் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே எங்கள் ஊர் சிம்மக்கல்லில் கடைக்குப் போகும் வழியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தால் வயதைப் பார்க்காமல் தாண்ட மாட்டேன். சின்ன வயது என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"நிப்பாட்டு," என்றேன்.

"அங்கயுமா மாமா? அம்புட்டுப் பெரிய ஊருல உங்க கண்ணுல இதான் படுதா?"

மகள் நிறுத்திப் பெரிதாக்கினாள். மூணு ஊரிலும் உயிரோடு நடந்தவர்களுக்கு இல்லாத முகம் இந்தச் சுவரில் தெளிவாக இருந்தது. இளம் பையன். தாடி, சிரிப்பு.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக. "இது நம்ம பய கூட ரூம்ல இருக்குற புள்ளல்ல?"

அவனேதான், அந்த இத்தாலிக்காரப் பையன். மகனோடு வீடியோ காலில் பேசும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "வணக்கம் அப்பா" என்பான். மாசக் கணக்காகக் கண்ணில் படவில்லை. எங்கே என்று கேட்கும்போதெல்லாம், "வேலைக்குப் போயிருக்கான்" என்பான் மகன். போன வாரம்கூட அப்படித்தான் சொன்னான்.

நான் போன் போட்டேன். எடுத்ததுமே, "முடிவு பண்ணியாச்சாப்பா?" என்றான்.

"அந்தத் தம்பிக்கு என்னாச்சு? நீ அனுப்புன வீடியோவுல, சுவத்துல அவன் படம் இருக்கு."

"இருக்கா? நான் கவனிக்கலயேப்பா," என்றான். பிறகு, "அந்த ஊருக்குத்தான் கார்ல போயிட்டிருந்தான். ஒரு வளைவுல... சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

"அந்த ரோட்டுல எங்கள வச்சு ஓட்டப் பாத்தியா?"

"அவங்க அம்மாவப் பாக்கணும்ப்பா. பிப்ரவரில வாசல் வரைக்கும் போயிட்டு, தட்டாமத் திரும்பிட்டேன். ஒத்தையில என்னால முடியாது. உங்க மூணு பேரு டிக்கெட்டும் அவன்கிட்டக் கைமாத்து வாங்கிப் போட்டதுதான். அவங்க அம்மாவுக்கு அது தெரியாது."

நாங்கள் போகப்போவது அந்தப் பையன் காசில். திரையில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அணைக்க மகளுக்குக் கை வரவில்லை.

"முதல்ல அந்த ஊருக்கே போவோம்," என்றேன். "நான் முன்சீட்டுல உக்காந்துக்கிறேன். மெல்ல ஓட்டு. கதவ நான் தட்டுறேன். எம்புட்டுக் குடுக்கணும்?"

"ஒரு காசுகூடத் திருப்பிக் குடுக்கலப்பா. ஆயிரத்து எண்ணூறு யூரோ."