கோல் கீப்பர் படித்த பள்ளிக்கூடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் ஹரோ பகுதியில், ஒரு சனிக்கிழமை காலை தொடங்கிய சம்பவம் இது. ஆறேழு வருடமாகிவிட்டது. கோபம் ஆறியபின் எழுதலாம் என்றிருந்தேன். அது ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். லூயிஷாமில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை. என்னுடன் இருந்தவன் என் ஊர்க்காரன். ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துக்குப் பெருவிரலைத்தான் வைப்பார். அதனால் பள்ளிக்கூடம் என்றால் எனக்கு ஒரு தனி மரியாதை. அந்த மரியாதைதான் கடைசியில் என் நண்பனின் காலை வாரிவிட்டது.

அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாட்டை விட்டு ஓடி, ஜேர்மனியில் ஒரு அகதி முகாமில் மூன்று வருடம் பதிலுக்காகக் காத்திருந்தான். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு ஹொக்கி மைதானம். அந்த ஊர்க் கழகத்தின் கோல் கீப்பர் விரலை முறித்துக்கொண்டபோது, வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். "பந்துக்குப் பயப்பிடாத ஆள்தான் வேணும் எண்டாங்கள். ஷெல்லுக்கே விழுந்து படுத்து எழும்பின எனக்குப் பந்து என்ன?" என்று சொல்லிச் சிரிப்பான். லண்டனுக்கு அவன் கொண்டுவந்தது ஒரேயொரு பை. அதில் பாதி இடத்தைப் பிடித்திருந்தவை கோல் கீப்பர் கட்டும் இரண்டு பெரிய கால் பட்டைகள்.

லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணத்தின் இரண்டு பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஹொக்கி ஆடுவார்கள். மூன்று ஞாயிறுகள், மூன்று ஆட்டங்கள், இரண்டில் வென்றவருக்குக் கிண்ணம். கிண்ணம் ஒரு சாண்தான். கதைதான் பெரிது. கல்லூரிப் பெயர்கள் வேண்டாம். ஒன்று பச்சைச் சட்டை, மற்றது செம்மஞ்சள். பச்சை அணியின் கப்டன் என் நண்பன் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு வழக்கமாக வருகிறவர். ஒருநாள் கதையோடு கதையாக ஜேர்மனிச் சங்கதி வெளியே வர, "நீர் எங்களுக்கு நில்லும்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் வருடமே நண்பனால் பச்சை அணி கிண்ணத்தைத் தூக்கியது. பந்தை மறித்துவிட்டு அவன் எழும்பும்போது முகத்தில் வரும் அந்த வெளிச்சத்தை வேறெந்த நேரத்திலும் நான் கண்டதில்லை. கிழமை முழுக்க இரண்டு ஷிப்ட் செய்கிறவனுக்கு அந்தக் கோல் கம்பங்களின் நடுவில் நிற்பதுதான் வாழ்க்கையாக இருந்தது.

நான் ஆடுகிற ஆளில்லை. ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். யார் அடித்தார், யார் தவறவிட்டார், எந்தப் பக்கத்தால் கோல் போனது என்று. சனிக்கிழமைகளில் ஹரோவில் ஒரு தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பாமார் வகுப்பு முடியும்வரை நடைபாதையில் நிற்பார்கள். கணக்காளர், பல் வைத்தியர், பொறியியலாளர் என்று எல்லாரும் பெரிய உத்தியோகம். பிளாஸ்கில் தேநீர், கடதாசிப் பையில் ரோல்ஸ். போட்டி நெருங்கினால் அங்கே வேறு பேச்சே கிடையாது.

"உங்கடை லெப்ட் விங்கைப் பாத்தனான். முதல் வயிறு வருது, பிறகுதான் ஆள் வாறார்" என்பார் பச்சைக் கட்சிக் கணக்காளர்.

"வரட்டும். உங்கடை புல் பாக் இரண்டு பேருக்கும் சேத்து நூறு வயசு. விசில் அடிச்சால் ஆட்டம் துடங்கிட்டுதோ முடிஞ்சுதோ எண்டு கேக்கினம்" என்பார் செம்மஞ்சள் பல் வைத்தியர்.

"எங்கடை பெடியன் ஷோட் கோர்னர் அடிச்சால் வலை கிழியும்."

"அந்த வலை போன வருசமே கிழிஞ்சது அண்ணை. கவுன்சில் இன்னும் தைக்கேல்லை."

பிறகு என்னைப் பிடிப்பார்கள். "வாத்தியார், கொப்பியைத் திறவும்" என்பார்கள். நான் திறப்பேன். முன்வரிசையில் செம்மஞ்சள் பலம், நடுவில் சமம், ஆனால் பச்சையின் கோலுக்குள் பந்து போகாது என்று கணக்குச் சொல்வேன். பெரிய மனிதர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவன் நின்ற மூன்றாவது வருடம் பச்சை அணிச் சங்கத்தின் செயலாளர், "தம்பி, மைதானத்திலை குடுக்கிற மலருக்கு இரண்டு அணியையும் ஒப்பிட்டு ஒண்டு எழுதித் தாரும்" என்று கேட்டார். மலர் என்றால் எட்டுப் பக்கப் போட்டோப் பிரதிதான். ஆனால் என் பெயர் அச்சில் வரப்போகிறதே! ஒரு கிழமை இருந்து எழுதினேன். நண்பனுக்கு மட்டும் அரைப்பக்கம். அவன் எந்தப் பெரிய கல்லூரியிலும் படித்தவனோ ஹொக்கி பழகியவனோ அல்ல என்றும், மைதானமே இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை தகரக் கூரையின்கீழ் என்னோடு படித்தவன் என்றும், அகதி முகாமில் வேலியோரம் நின்று இவ்வளவு பெரிய ஆட்டக்காரன் ஆனான் என்றும் உருகி உருகி எழுதினேன். எங்கள் ஊரின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஓரெழுத்து விடாமல் போட்டேன். அவனுக்கு அதைக் காட்டவில்லை. அச்சில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

முதலில் சொன்னேனே ஒரு சனிக்கிழமை, அன்றுதான் செயலாளர் அதை நடைபாதையில் வைத்து உரக்க வாசித்தார். லெப்ட் விங்கின் வயிற்றுக்கு எல்லாரும் சிரித்தார்கள். கோல் கீப்பர் பகுதி வந்தது. வாசித்துக்கொண்டு போனவர் பாதியில் நின்றார்.

"அப்ப ஆள் எங்கடை கொலிஜ் இல்லையோ? எட்டாம் வகுப்புவரை எங்களிட்டைப் படிச்சவர் எண்டெல்லோ கப்டன் சொன்னவர்?"

கப்டன் சங்கத்துக்கு அப்படிச் சொல்லியிருப்பது எனக்குத் தெரியாது. பழைய மாணவர் மட்டுமே ஆடலாம் என்று ஒரு விதி இருப்பதும் தெரியாது. ஒரு ஓரமாக நின்ற ஒருவர், மிகவும் மெதுவாகப் பேசுகிறவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பள்ளிக்கூடம் ஊரிலை எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கையோ, கிழக்கையோ?"

"கிழக்கை" என்றேன்.

கோயிலுக்குக் கிழக்கு என்றால் எங்கள் ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் பக்கம். சாதி என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் சாதியைக் கேட்கும் எங்கள் ஆட்களின் வழி இது. ஊரைக் கேட்பார்கள், பிறகு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், பிறகு கேட்க ஒன்றுமிராது. இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவன்தான் நான். பிளேன் ஏறினால் அது பின்னால் வராது என்று நினைத்துவிட்டேன். செயலாளர் தாளை இரண்டாக மடித்து, "பாப்பம்" என்றார். பிறகு எல்லாரும் கார் விட இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை கப்டனிடமிருந்து தொலைபேசி வந்தது. நண்பன் படியடியில் நின்று கேட்டான். "ஓம்... ஓம்... விளங்குது அண்ணை." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"டேய், உன்னை ஆரடா கேட்டது?"

"நான் உண்மையைத்தானே எழுதினனான்?"

"உண்மை எனக்குத் தெரியாதே? நான் எங்கை படிச்சனான் எண்டு எனக்குத் தெரியும். கப்டன் முதல்நாளே சொன்னவர், ஆரும் கேட்டால் வாயைத் திறக்காதையும் எண்டு. இரண்டு வருசம் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். எனக்கு அவங்கடை கொலிஜ் வேண்டாமடா. அந்த இரண்டு கம்பம்தான் வேணும். அதையும் நீ பிடுங்கிப்போட்டாய்."

நான்கு நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை. கால் பட்டைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். அந்த அறையில் கட்டில் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை கொப்பியோடு ஹரோவுக்குப் போனேன். அது முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள். நடைபாதையில் செயலாளரைப் பிடித்து, பச்சை அணியின் ரைட் விங் ஆடுகிறாரே, அவர் எந்தக் கல்லூரி என்று கேட்டேன். அவர் கொழும்பில் படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். செயலாளரின் மூத்த மகளைக் கட்டியவர்.

"அவர் எங்கடை மருமகன் எல்லோ. மருமகன் எண்டால் எங்கடை ஆள்தானே" என்றார் கணக்காளர்.

"அப்ப விதி?"

"அது வேறை தம்பி."

"என்ன வேறை? சொல்லுங்கோ, என்ன வேறை?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கலியாணம் கட்டினால் கொலிஜிலை படிச்ச மாதிரியோ? இரண்டு வருசம் உங்கடை கோலைக் காத்தவன் வேறையோ?"

பல் வைத்தியர் ரோல்ஸைச் சுற்றியிருந்த கடதாசியை மடித்துக்கொண்டே இருந்தார். கிழக்கா மேற்கா என்று கேட்டவர்தான் என் தோளைத் தொட்டார். "தம்பி, பிள்ளையள் உள்ளுக்கை இருக்குதுகள். மெல்லக் கதையும். உம்மை நாங்கள் ஏதும் சொன்னனாங்களே? உம்மைப் பற்றி எங்களுக்கு முதலே தெரியும்."

அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் எரிகிறது. என்னைப் பற்றி விசாரித்துத்தான் வைத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் எழுத்துச் சொல்லிக் கொடுக்க நான் போதும். அவர்கள் கொலிஜின் சட்டையைப் போட அவன் போதாது. அதைவிடக் கேவலம் நான் அடுத்துச் செய்ததுதான். நான் குரலைத் தாழ்த்தினேன். மணி அடித்ததும் உள்ளே போய் அந்தப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் காட்டினேன். சுண்ணக்கட்டி கையில் உடைந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். நண்பன் வேலைக்குப் போய்விட்டான். மலரைக் கையில் தந்தார்கள். என் பெயர் இருந்தது. லெப்ட் விங்கின் வயிறு இருந்தது. கோல் கீப்பர் பற்றிய அரைப்பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. பச்சையின் கோலில் ஒரு பொறியியலாளர் நின்றார். பந்து வரும்போதெல்லாம் அவர் பந்துக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கினார். ஆறு கோல். ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்று மாலையே கப்டன் லூயிஷாமுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். கட்டில் நுனியில் உட்கார்ந்தார்.

"அவையோடை கதைச்சிட்டன். ஒரு வழி இருக்கு. நீர் எங்கடை கொலிஜிலை ஒரு வருசம் இருந்தனீர் எண்டு ஒரு கடிதம் தாரும். பதிவேடு எல்லாம் சண்டையிலை எரிஞ்சுபோச்சு, ஒருத்தரும் பாக்க ஏலாது. வாற ஞாயிறு நீர் நிக்கலாம்."

நண்பன் கட்டிலுக்குக் கீழே பார்த்தான். பட்டைகளின் நுனி தெரிந்தது. அவன் சம்மதித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். சம்மதித்தால் என் பிழை கழுவப்பட்டுவிடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்மை.

"அண்ணை, வாய் மூடி நிக்கச் சொன்னீங்கள், நிண்டன். இப்ப கையெழுத்து வைக்கச் சொல்லுறீங்கள்" என்றான். "அது ஏலாது. உங்கடை மருமகன்மாரிலை ஆரையும் நிக்கச் சொல்லுங்கோ."

கப்டனை நண்பன் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பிறகு, "எங்கை, நீ எழுதினதைக் காட்டு" என்றான். பிரதியை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக மெதுவாக வாசித்தான். கடைசி வரிவரை வாசித்தான்.

"இதிலை ஒண்டு பிழை" என்றான். "அஞ்சாம் வகுப்பிலை எங்கை தகரம்? நாலாம் வகுப்பிலையே காத்து அள்ளிக்கொண்டு போட்டுது. பிறகு வேப்பமரத்துக்குக் கீழை எல்லோ இருந்தனாங்கள்."

அவ்வளவுதான். மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் ஹரோவுக்குப் போகவில்லை. பச்சை அணி இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றது. நண்பன் இப்போது லூயிஷாமுக்குப் பக்கத்தில் ஒரு உள்ளூர்க் கழகத்துக்கு நிற்கிறான். சேரப் போன அன்று அவர்கள் கேட்டது, சனிக்கிழமைகளில் வர முடியுமா என்று மட்டும்தான்.

இப்போதும் கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது என்னிடம் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால், பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு, கோயிலுக்குக் கிழக்குப் பக்கம் என்பதையும் அவர்கள் கேட்கும் முன்பே, குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் அவன் நின்றால், அவனுடைய பதிலை அவனுக்கே விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.