கப்பக்காரத் தெருவின் பின்சந்து

கடலூர் பழைய நகரத்தில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், நூர்முகம்மது வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். காற்றடிக்க வந்தவன் காற்றோடு சாக்கடை பற்றிய பேச்சையும் வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து போக முடியும். "இப்ப உங்க தெரு தண்ணி எங்க போவுது, சொல்லு பாப்போம்" என்று ஆரம்பிப்பார். வந்தவன் தலையைச் சொறிவான். "பாத்தியா, ஒனக்கே தெரியல. அது எங்கயும் போவல. அங்கயேதான் இருக்கு."

அறுபத்து நாலாம் வருஷம் வார்டு கவுன்சிலராக ஜெயித்த பிறகு ஊரே அவரை சாக்கடை கவுன்சிலர் என்று கூப்பிட ஆரம்பித்தது. கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கோ அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது.

அந்தச் சாக்கடைப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவர் குடியிருந்த கப்பக்காரத் தெருவில் ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நகையோடு வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவான். மூன்று பெண் பிறந்தால் இருக்கிற வீட்டையே நீளவாக்கில் மூன்றாகத் தடுத்து ஆளுக்கொரு வாசல் வைப்பார்கள். அந்தக் காலத்துப் பெரிய வீடு ஒவ்வொன்றும் இப்படி நாலு வீடு, ஐந்து வீடு ஆனது. அடுப்பு பெருகியது, குளியல் பெருகியது, பிள்ளைகள் பெருகினார்கள். தண்ணீர் போகிற வழி மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய அதே ஒற்றைப் பள்ளம். ஐப்பசி பிறந்துவிட்டால் பள்ளத்துத் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வரும்.

ஒரு மழைக்காலத்தில் அப்படி வந்தபோது, அவருடைய கொழுந்தியாள் சைனம்புவின் பையனுக்கு வாந்திபேதி கண்டது. சைனம்புவின் புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். பிள்ளையைத் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சைக்கிளை மிதித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் நூர்முகம்மதுதான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சின்ன உடம்பு தன் நெஞ்சில் சில்லிட்டுக்கொண்டே வந்ததை அவரால் மறக்க முடியவில்லை. தெருவுக்கு ஒழுங்கான சாக்கடை வந்தே தீர வேண்டும் என்ற வெறி அன்றைக்குத்தான் பிடித்தது.

நகராட்சியில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்டார். மனு மேல் மனு கொடுத்தார். கடைசியில் ஒரு சர்வேயர் வந்தார். சிதம்பரத்துக்காரர், சபாபதி என்று பெயர். ஊரில் ஒரு சந்து விடாமல் அளந்து, எங்கே சாக்கடை, எங்கே ரோடு, எங்கே இனிமேல் வீடு கட்டலாம் என்று பிளான் போடுகிற வேலை அவருக்கு.

கப்பக்காரத் தெரு வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைக் கதவுகளும் அதில்தான் திறக்கும். அது பெண்கள் நடமாடும் வழி. மீசை முளைக்கிற வயது வந்த ஆண் அதில் கால் வைக்க மாட்டான். அவசரம் என்றால் சந்து முனையில் நின்று செருமிக் குரல் கொடுப்பான். அவ்வளவுதான்.

சபாபதி அளக்க வருகிறார் என்று நூர்முகம்மது காலையிலேயே வீடு வீடாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்னிய ஆம்பிளைகள் வருகிறார்கள், உள்ளே போய்விடுங்கள் என்று. சபாபதி அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆட்களோடு சந்துக்குள் நுழைந்தபோது ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. கொடியில் ஒரு துணியும் இல்லை. நூர்முகம்மதுவும் வழக்கப்படி முனையிலேயே நின்றுகொண்டார். எவ்வளவு பெரிய மரியாதை, பாருங்கள். அந்த மரியாதைதான் தப்பைச் செய்தது. சபாபதி கண்ணுக்கு அது ஆள் நடமாட்டமே இல்லாத வெற்றுச் சந்து. அவர் பார்த்துப் பழகிய ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் சந்து என்றால் அது துப்புரவுக்காரர்கள் வந்து போகும் வழி. சாக்கடைக்கு இதைவிட நல்ல இடம் ஏது? சந்து முழுவதும் திறந்த சாக்கடையாக, உப்பனாறு வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

பிளான் சாங்ஷன் ஆன செய்தியோடு நூர்முகம்மது வீட்டுக்கு வந்தார். மனைவி ரஹ்மத் பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சந்தில் சாக்கடை வருகிறது என்று அவர் சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது.

"எந்தச் சந்து?"

"நம்ம பின்சந்துதான். சும்மாத்தான கெடக்கு."

"சும்மா கெடக்குதுன்னு யாரு சொன்னா?"

"சர்வேயர் பாத்துட்டுத்தான எழுதியிருக்காரு. நானும் கூட நின்னேனே."

"நீங்க முனையில நின்னீங்க" என்றாள் ரஹ்மத் பீவி. "நாங்க எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தோம், நீங்க சொன்னீங்கன்னு. ஊட்டுல ஆளு இல்லாத நேரமாப் பாத்து ஊடு காலின்னு எழுதிட்டுப் போற மாதிரி இருக்கு."

அவளே தொடர்ந்தாள்.

"காலையில சைனம்பு இந்தப் பக்கம் வருவா. நா அவ ஊட்டுக்குப் போவேன். புள்ளைக்குக் காய்ச்சல்னா அதுலதான் ஓடறோம். நாலு பேரு சேந்து அப்பளம் காய வெக்கறதும், மாவு இடிக்கறதும் அங்கதான். தெருப் பக்கம் நாங்க எத்தினி தடவை வந்திருக்கோம், சொல்லுங்க. அவ புருஷன் சிங்கப்பூர் போயி எத்தினி வருஷம் ஆவுது. அவளுக்கு அந்தச் சந்துதாங்க ஊரு. அதுல சாக்கடைய உட்டுட்டா அவ நாலு செவத்துக்குள்ளதான் கெடக்கணும்."

நூர்முகம்மது ராத்திரி முழுக்க யோசித்தார். யாருடைய பிள்ளைக்காகச் சாக்கடை கேட்டாரோ, அவளுடைய ஊரையே அந்தச் சாக்கடை தின்னப் போகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் திட்டம் வேறு வார்டுக்குப் போய்விடும். அடுத்த மழை நிச்சயம் வரும். மறுபடியும் எந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

மறுநாளே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். சபாபதி லீவில் வீட்டில் இருந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ஒரு பொம்பளையக்கூட நா பாக்கல பாய்."

"பாக்கக் கூடாதுன்னுதான் சார் ஏற்பாடு. அது எங்க தப்பு."

"நல்ல ஏற்பாடு போங்க. வாங்க, நடந்துகிட்டே பேசலாம்."

இரண்டு பேரும் கோயிலை ஒட்டிய கீழவீதிக்கு வந்தார்கள். நூர்முகம்மது இதற்கு முன் எத்தனையோ முறை வந்த வீதிதான். ஆனால் சாக்கடைப் பித்துப் பிடித்த பிறகு இப்போதுதான் வருகிறார். என்ன அகலம். இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கி நின்றாலும் ஒரு வீட்டுப் படியும் வீதிக்குள் துருத்தவில்லை.

"இங்க யாரும் படியை இழுத்துக் கட்டலியா சார்?"

"எப்பிடிக் கட்டுவான்? தேரு வரும்ல. ஒருத்தன் படி நீட்டினா தேரு நின்னுடும், ஊரே சேந்து அவனைத் திட்டும்."

நூர்முகம்மது வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "எங்க தெருவுல அந்த மாதிரி எதுவும் ஓடல சார். அதான் ஆளாளுக்கு நீட்டிட்டோம்."

சபாபதி சிரிக்கவில்லை. நின்றுவிட்டார். "அதைத்தான் சொல்ல வந்தேன் பாய். உங்க தெருவோட பழைய அளவுக்கு முன்பக்கமே தாராளமா எடம் இருக்கு. எல்லார் வாசப்படியும் ரோட்டுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கு. படிய எடுத்துட்டா அங்கயே சாக்கடை வெட்டி மேல கல்லு பாவி மூடிடலாம். ஆனா வீட்டுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அடுத்த கூட்டத்துக்குள்ள கொண்டாந்தா நானே பிளானை மாத்தி வெக்கறேன். இல்லாட்டி சந்துதான்."

திரும்பி வருகிற பஸ்ஸில், வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, நூர்முகம்மதுவுக்கு ஒன்று உறைத்தது. தேர் என்னவோ வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும். அந்த ஒன்றிரண்டு நாளுக்காக வருஷம் பூராவும் எல்லாரும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பிறக்கப் போகிற பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று யோசிக்கிற தெரு, அந்த வீட்டுத் தண்ணீருக்கு ஒரு வழி விட வேண்டும் என்று ஏன் யோசிக்கவில்லை?

ஊருக்கு வந்து, சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் படிகளில் வந்து உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு வாசலாகப் போனார். பக்கத்து வீட்டு கிபாயத்துல்லாவின் படிதான் தெருவிலேயே பெரியது. சிமெண்டு பூசி, சாய்ந்துகொள்ள இரண்டு பக்கமும் திண்டு வைத்தது.

"மாமா, படியை எடுத்தா சாக்கடை முன்னாடி வந்துரும். சந்து தப்பிச்சிக்கும்."

"ஏன் மச்சான், ஒன் சாக்கடைக்கு என் படிதான் கெடைச்சுதா? ஆம்பளைங்க எங்க ஒக்கார்றதாம், ஒன் சைக்கிள் கேரியர்லயா?"

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாசலிலும் அதே பதில், வேறு வேறு கிண்டலோடு. வாசலில் சாக்கடை ஓடினால் சம்பந்தம் பேச வருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டா வருவான் என்றார் ஒருவர். சந்தில் இரண்டு நடை குறைந்தால் பெண்கள் வாயாவது கொஞ்சம் ஓயும் என்றார் இன்னொருவர். தெருக்கோடி வரை போய்த் திரும்பிய நூர்முகம்மதுவின் கையிலிருந்த சம்மதத் தாளில் ஒரு கையெழுத்தும் இல்லை.

வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரஹ்மத் பீவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"சர்வேயர் யாரைக் கேக்கச் சொன்னாரு?"

"வீட்டுக்குச் சொந்தக்காரங்களை."

"நீங்க யாரைக் கேட்டீங்க?"

நூர்முகம்மது தம்ளரைக் கீழே வைத்தார்.

இந்தத் தெருவில் ஒரு வீடுகூட ஆண் பேரில் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கிற இந்த வீடு ரஹ்மத் பீவியின் வீடு. பக்கத்து வீடு கிபாயத்துல்லாவின் மனைவி மலிகாவின் வீடு. தெரு முழுக்க மாப்பிள்ளைகள் வந்து குடியேறி, படியில் உட்கார்ந்து, படி தங்களுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்த விஷயம்தான். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாருக்கும் ஞாபகத்தில் இல்லாமல் போய்விட்டது.

"தாளைக் குடுங்க" என்றாள் ரஹ்மத் பீவி.

அவள் கொல்லைக் கதவைத் திறந்து சந்துக்குள் இறங்கினாள். அங்கே என்ன நடந்தது என்பது அவள் வந்து சொல்லித்தான் நூர்முகம்மதுவுக்குத் தெரியும். எல்லாரும் உடனே சம்மதிக்கவில்லை. புருஷன் கோபிப்பான் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். சைனம்பு கூடவே போய், ஒவ்வொருத்தியையும் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டுப் பேசினாளாம். அவள் வாயைத் திறந்து எதையும் வேண்டும் என்று கேட்டதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லையாம். "லாத்தா, சாக்கடையும் வேணும், சந்தும் வேணும். எம்புள்ளையும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்ல" என்றாளாம். நூர்முகம்மது கூரையைப் பார்த்துக்கொண்டார்.

கடைசி வரை இழுத்தடித்தவள் மலிகா. மறுநாள் அவளே கொல்லைப் பக்கமாக வந்து சொன்னாள்: "எங்க ஊட்டுல அவரு பேசறதுக்குப் படி இருக்கு. பள்ளிவாசல் இருக்கு, டீக்கடை இருக்கு. நா பேசறதுக்கு இந்தச் சந்து ஒண்ணுதான. எங்க போடணும், காட்டு." பெருவிரலில் மையைத் தடவி அழுத்திவிட்டுப் போனாள்.

கூட்டத்தில் பிளான் மாறியது. சபாபதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கிபாயத்துல்லா மறுநாள் காலையிலேயே சைக்கிள் கடைக்கு வந்துவிட்டார். "பொம்பளைங்களை வெச்சி எங்க காலை வாரிட்ட இல்ல?"

"வீடு அவுங்களுது மாமா."

"படி நா கட்டுனது."

"நீங்கதான் கட்டுனீங்க. ரோட்டுல கட்டுனீங்க."

"இனிமே ஒன் கடையில காத்தடிச்சா என் பேரு கிபாயத்துல்லா இல்ல." பின் சக்கரத்தில் காற்றே இல்லாத சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார். ரொம்ப நாளைக்கு அப்படித்தான் தள்ளிக்கொண்டு போனார்.

முதல் கடப்பாரை நூர்முகம்மது வீட்டுப் படியில் விழுந்தது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது அது. தானும் அதே படியில் பேப்பர் படித்துப் பழகியவர்தான். செங்கல் பெயர்ந்தபோது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. தெரு பல்லு போன வாய் மாதிரி ஆனது. ஆண்களுக்கு மாலையில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பாவிய கல்லின் மேல் கொஞ்ச நாள் நின்றுகொண்டே பேசினார்கள், பிறகு பள்ளிவாசல் பக்கம் நகர்ந்தார்கள். வெயில் காலத்தில் கல்லிடுக்கில் நாற்றம் வரத்தான் செய்தது. ஒவ்வொரு நாற்றத்துக்கும் அவர் பேச்சு வாங்கினார். அடுத்த தேர்தலில் தோற்றும் போனார்.

ஆனால் அது பிறகு நடந்தது. சாக்கடை கட்டி முடிந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது, நூர்முகம்மது வாசலில் குடையோடு நின்று தண்ணீர் கல்லுக்கடியில் உப்பனாற்றை நோக்கி ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். கடல் பொங்குகிற நேரத்தில் அது கொஞ்சம் எதிர்த்து வந்து தேங்கியது, பிறகு வடிந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

மழை விட்டதும் உள்ளே வந்தார். கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் சந்தில் நாலைந்து குரல்கள். நடுவில் சைனம்புவின் பையன் எதற்கோ கத்தினான். அவன் கத்தலுக்கு மேல் ஒரு சிரிப்பு கிளம்பி, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையாகத் தொற்றிக்கொண்டு போயிற்று. இவ்வளவு பேர் அங்கே இருக்கிறார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. கதவுக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றார். திறக்கத் தோன்றவில்லை.

ரஹ்மத் பீவி ஈரக் காலோடு உள்ளே வந்தபோது கேட்டார்:

"என்னா அவ்ளோ சிரிப்பு?"

"அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்படிக்குப் போனாள், இன்னும் சிரித்துக்கொண்டே.