மாமாவின் தோள்மூட்டு

ஏழாம் வகுப்பில் காதுப் படம் வரைந்துகொண்டிருந்த அன்றுதான் அப்பாவின் தலையணையில் ரத்தக்கறையைப் பார்த்தேன். அப்பா கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர். இடப்பக்கம் நின்று மெல்லக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலப்பக்கம் கூப்பிட்டேன், திரும்பினார். நான் பார்த்துவிட்டது அவருக்குத் தெரிந்துபோனது.

"ஏளா, அம்மாட்ட மூச்சு விடாத."

எனக்கோ மூச்சே வரவில்லை. புத்தகப்படி, செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள், அப்புறம் நத்தைபோலச் சுருண்ட ஒன்று. அதையும் தாண்டினால் மூளைதான் என்று நானே முடிவு கட்டினேன். செவிப்பறை கிழிந்தால் அடுத்த முறை முங்கும்போது கடல் நேரே மூளைக்குள் போய்விடும்.

எங்கள் கரையில் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் வள்ளத்தில் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் அம்மாவின் அண்ணன். அவரிடம் ஓடினேன்.

"மாமா, அப்பாவுக்குச் செவிப்பறை கிழிஞ்சிட்டு. தண்ணி மூளைக்குப் போயிரும்."

மாமா சிரிக்கவில்லை. "நீ போய்ப் படி மக்கா" என்றார். இனி கயிற்றை இறுக்கிப் பிடிப்பார் என்று நம்பிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை அப்பாவின் தூக்குச்சட்டியோடு கரைக்குப் போனபோது மாமா வள்ளத்தில் ஏறாமல் நின்றார். "தோள்மூட்டு வலிக்கி மாப்ள. வேற ஆளப் பாரும்."

"பயமா இருக்குன்னு சொல்லும்வே. தோள் மேல பழி போடாதேரும்" என்று அப்பா எல்லார் முன்னாலும் கத்தினார். மாமா திரும்பி நடந்துவிட்டார். வேறு ஆள் என்றால் எவனோ ஒருவன் கையில் அப்பாவின் உயிர்.

அன்று சாயங்காலம் மாமா அதே தோளால் ஒரு வள்ளத்தைக் கரையேற்றித் தள்ளினார். தோளில் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும் என்று படித்திருந்தேன். அவருடையது நன்றாகவே சுழன்றது. பொய்க்காரர், ஆபத்தென்றதும் கைவிட்டவர் என்று முடிவு செய்தேன். தினமும் விடியும்போது இன்று எவனாவது கயிறு பிடிக்க வந்துவிடுவானோ என்று பயந்தேன். அப்பாவுக்கு யார் மேலும் நம்பிக்கை வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்.

காது கிழிந்தவன் என்று பேச்சு கிளம்பினால் அப்பாவை எந்த வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள் என்பதோ, மாமா வாயைத் திறந்தால் சொன்னது நான்தான் என்று அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்பதோ அன்று எனக்கு எட்டவில்லை. செவிப்பறை தானாக மூட எத்தனை நாளாகும் என்று மாமா டாக்டரிடம் கேட்டு வைத்திருந்ததும் பின்னால் மாமா வீட்டு அத்தை சொல்லித்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். "தோளு சரியாயிட்டு மாப்ள. நாளைக்குப் போவமா?"

நான் வாங்க என்றுகூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.