நட்சத்திரம் போட்ட சொற்கள்

விம்பிள்டனில் ஒரு முதியவரை மூன்று வருடம் பராமரித்தேன். காலையில் போய் எழுப்பி, உடம்பு துடைத்து, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, கட்டிலிலிருந்து யன்னல் வரை நடத்திக் கூட்டிப்போவது என் வேலை. பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் பறித்திருந்தது. தாய்மொழியான ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கக்கூட அவருக்கு வராது. ஆனால் நடக்கும்போது மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டு வருவார்.

எனக்கு முன்னர் அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண், பொறுப்பைத் தரும்போதே சொல்லிவிட்டாள்.

"அது ஒரு பாஷையும் இல்லை, அக்கா. வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். நீங்கள் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு நடத்துங்கோ."

நானும் ஓம் என்றுதான் சொல்லிவந்தேன். இரண்டாம் கிழமையில் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு நாளும் அதே ஐந்து சொற்கள், அதே வரிசையில், அடிக்கு ஒன்றாக: ஓய்னோஸ், துவோ, த்ரேயெஸ், க்வெத்வோரெஸ், பெங்க்வே. பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

சனிக்கிழமை அவருடைய மகள் வந்தபோது கேட்டேன். அவள் சிரித்தாள், பிறகு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா எண்ணுகிறார் என்றாள். ஐயாயிரம் ஆறாயிரம் வருடங்களுக்கு முன்னர் பேசிய ஒரு மொழியாம். ஆங்கிலம், ரஷ்யன், பாரசீகம், ஹிந்தி எல்லாம் அதன் பிள்ளைகளாம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, தாய் எப்படிப் பேசியிருப்பாள் என்று கண்டுபிடிப்பதிலேயே தகப்பனின் ஆயுள் போயிற்று என்றாள். அவருடைய புத்தகம் ஒன்றையும் திறந்து காட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தது. இந்தச் சொல்லை எழுத்தில் கண்டவர் ஒருவரும் இல்லை என்று அதற்கு அர்த்தமாம்.

அந்தச் சனங்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். கருங்கடலுக்கு வடக்கே, புல்வெளியில், மாடும் ஆடும் மேய்த்துக்கொண்டு என்பது தகப்பனின் கட்சி. இல்லை, துருக்கிப் பக்கம் என்று சொன்ன சிநேகிதர் ஒருவரோடு அவர் பல வருடம் பேசாமலே இருந்தாராம்.

திங்கட்கிழமை அவரோடு சேர்ந்து நானும் எண்ணினேன். மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் வடிந்தது. துடைத்துவிட்டேன். அன்றைக்கு யன்னலுக்குப் போய்த் திரும்பியும் வந்தோம்.

சில நாள் கழித்து, இடது கை விரலை என் வாய்ப் பக்கமாக நீட்டினார். பசிக்கிறதோ என்று நினைத்தேன். அதில்லை என்று தலையை ஆட்டினார். பிறகுதான் விளங்கியது, என்னுடைய எண்களைக் கேட்கிறார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு."

மூன்று தரம் சொல்ல வைத்தார். உதடுகள் என்னோடு அசைந்தன. கடைசியில், பையைத் துழாவிவிட்டு இல்லை என்று சொல்பவரைப்போல மெல்லத் தலையை அசைத்தார். தமிழ் வேறு குடும்பம் என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இருந்தும் பஸ்ஸில் திரும்பும்போது மனம் கனத்தது. அந்தப் புல்வெளியிலும் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை.

ஆனால் மறுநாளும் விரல் நீண்டது. யன்னலைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார், தன் கையைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் சொல் கேட்டார். நான் டூட்டிங்கில் ஒரு அறையில் தனியே இருந்தேன். முன்னர் நாங்கள் இருந்த ஜெர்மனியிலேயே கணவர் இறந்துவிட்டார். மகன் தொலைபேசியில் ஆங்கிலம்தான். கடையில் மீனுக்கும் மரக்கறிக்கும் செலவான நாலு சொல்லைத் தவிர, என் தமிழைக் கேட்பதற்கென்று காத்திருந்தவர் அந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான்.

பிறகு அவரை லண்டனுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் எடுத்துப் போனேன். இப்போது ஒரு சொல்லும் இல்லை, ஆட்களையும் தெரியாது என்றாள் தாதி. கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. கணவர் இறந்த காலையைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆஸ்பத்திரிக்காரர் ஜெர்மனில் சொன்னது பாதி விளங்காமல் நான் தலையாட்டிக்கொண்டு நின்றதை, அதுவரை யாருக்கும் சொல்லாததை, தமிழிலேயே சொல்லி முடித்தேன். அவர் கண்ணை மூடவில்லை.

தேநீர் வண்டி வந்ததும் எழுந்தேன்.

"போட்டு வாறன்," என்றேன்.

அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மேடையில் வேறு ஒருவரும் இல்லை.