அம்மாவுக்கு நான் படித்துச் சொல்லாத வாரம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அம்மாவுக்கும் அவளுடைய தங்கைக்கும் நடுவே நான்தான் தபால்காரி. அந்தத் தங்கை, அதாவது என் சித்தி, ஊர்க்கணக்கில் அம்மாவின் தம்பி. பத்தொன்பது வயதில், தாங்கள் பிறந்த தமிழர் கிராமமான மார்டள்ளியை விட்டு பெங்களூர் போனவர், அங்கே புடவை கட்டிக்கொண்டு, தன்னைப் போன்ற திருநங்கைகளுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அந்த அலைச்சலையெல்லாம், அங்கே கற்ற கன்னடத்தில், பத்திரிகை ஒன்றின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வாராவாரம் எழுதினார். பேச்சு வந்தால் அப்பா "உன் தம்பி" என்பார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா என்னிடம் "உன் சித்தி" என்று சொல்லியே வளர்த்தாள். பார்த்தே இராத ஒருவரை அம்மா எப்படிச் சொன்னாளோ அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அம்மா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி மைசூர் வந்த பிறகு கன்னடம் பேசக் கற்றுக்கொண்டாள். அக்ரஹாரத்துப் பூக்காரியிடம் கன்னடத்திலேயே சண்டையும் போடுவாள். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. எனக்கோ கன்னடம்தான் படிக்க வரும். அப்பா பத்திரிகையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தாண்டிப் படித்துவிட்டு, மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குக் கறி வாங்கக் கிளம்புவார். அவர் தலை மறைந்ததும் அம்மா என்னை முன்னால் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைப்பாள். நான் ஒரு வரி மனதுக்குள் படித்து, ஒரு வரி தமிழில் சொல்வேன்.

ரேஷன் கார்டில் தன் பெயரைப் பெண் பெயராக மாற்ற சித்தி எத்தனை மேஜைகளைச் சுற்றினார் என்று சொல்வேன். ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று முடிவாகாததால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்த தோழிக்காக, வாசலில் உட்கார்ந்துவிட்டதைச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்.

"சாப்பிட்டாளாமா?"

அதைச் சித்தி எழுதவே மாட்டார். இரண்டு மூன்று வாரம் "தெரியலம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு நானே பரிமாறத் தொடங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் உப்பிட்டு, தாலுகா ஆபீஸில் புளியோதரை, போலீஸ் ஸ்டேஷனில்கூட ஒரு தடவை கேசரிபாத். என் மொழிபெயர்ப்பில் சித்தியின் போராட்டம் எதுவும் சாப்பாடு இல்லாமல் நடந்ததில்லை.

பெங்களூர் ஒன்றும் தூரமில்லையே, போய்ப் பார்க்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன். "அவளாக் கூப்புட்டா இந்த நிமிசமே போவேன் அம்மிணி. நானா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" என்றாள் அம்மா. ஏன் என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள்.

அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்தது. சித்தி தன் அக்காவை, அதாவது என் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். தனக்குப் பதினான்கு வயதில், மாரியம்மன் திருவிழாவன்று, அக்காவே தன் தாவணியை அவருக்குக் கட்டி, தோளில் ஊக்கு குத்தி, கண்ணாடி முன் நிறுத்தி, என்னைவிட நீதான் அழகு என்றாளாம். அதற்குள் தாத்தா வந்துவிட்டார். நீயா கொடுத்தாய் என்று அக்காவைக் கேட்டார். இல்லை, திருடிக் கட்டிக்கொண்டான் என்றாள் அக்கா. அன்று வாங்கிய அடி மறந்துவிட்டது, அந்த வார்த்தை மறக்கவில்லை என்று எழுதியிருந்தார். மேலே சித்தியின் வார்த்தைகள் இப்படிப் போயின: அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மைசூரில் இன்ன மண்டபத்தில் என் புத்தகம் வெளியாகிறது. அக்கா அந்த ஊரில்தான் இருக்கிறாள், தெரு தெரியாது. முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டுவைப்பேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு தடவை கேட்க வேண்டும். கடைசியில் இப்படி இருந்தது: என் அக்காவுக்கு இந்த எழுத்து தெரியாது, அவளைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து படித்துச் சொல்லுங்கள்.

அப்படிக் கெஞ்சிக் கேட்கப்பட்டவள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள் என்பதுதான் உறைத்தது. வாராவாரம் கேசரிபாத் பரிமாறிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சி. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் எல்லோர் முன்னாலும் நிற்கவைப்பார்கள். அம்மாவை மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் நிறுத்தி சித்தி மைக்கில் கேட்பது கண்ணில் தெரிந்தது.

"என்ன அம்மிணி, சத்தத்தையே காணோம்?"

"மழையப் பத்தி எழுதியிருக்காங்கம்மா. பெங்களூர்ல பெரிய மழையாம்."

"நனைஞ்சுட்டாளாமா?"

"இல்ல, கொடை இருந்துச்சாம்."

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அம்மா எங்கும் போய்விடாதபடி நான் மாடிப்படியில் உட்கார்ந்து காவல் காத்தேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

அதற்கடுத்த வாரம், நாற்காலி கடைசிவரை காலியாக இருந்தது, இனி கேட்க மாட்டேன் என்று சித்தி எழுதியிருந்தார். கூட்டம் நன்றாக நடந்தது, எல்லோரும் கை தட்டினார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். எந்த ஊரில் என்று கேட்டாள். ஹாசன் என்றேன்.

"இங்கியும் ஒருக்கா வருவாளாயிருக்கும்" என்றாள் அம்மா.

சில மாதங்களில் பத்திரிகையில் சித்தியின் பகுதி நின்றுபோனது. வளர்ந்த பிறகு அம்மாவிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தேன், வரவில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. போன வருடம் சித்தி மைசூரில் ஒரு கல்லூரிக்குப் பேச வந்தார். தலை நரைத்திருந்தது, மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு. பேச்சு முடிந்ததும் போய், யாரென்று சொல்லி, எல்லாவற்றையும் கொட்டினேன். சாப்பாட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "நான் பட்டினி கெடந்த நாளெல்லாம் நல்லாச் சோறு போட்டிருக்கற அம்மிணி" என்றார். பிறகு அந்த வாரத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவை எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்ததையும் சொன்னேன்.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? எங்கப்பன் தடியோட நிக்கறப்ப அவ வேற என்னத்தச் சொல்லுவா? அது எனக்கு அன்னைக்கே தெரியும். அப்படி எழுதினா கோவிச்சுக்கிட்டாச்சும் வந்து நிப்பான்னு எழுதினேன்."

பத்து வயதில் நான் கன்னடம் தடங்கலில்லாமல் படிப்பேன். அந்த வாரம் சித்தி கோபமாக எழுதியிருக்கிறார் என்றுதான் படித்தேன். அக்காவைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதில் அவர் வேறு எதையும் எழுதியிருக்கவில்லை.