அடி அண்ணாமலையில் ஒரு லேப்

திசு வளர்ப்பு லேப் நடத்துகிறவனுக்கு இரண்டு தொல்லைகள்: ஒன்று பூஞ்சை, இன்னொன்று "ஏன் சார் இந்த ஊர்ல வெச்சீங்க?" என்கிற கேள்வி. சின்ன ஊரில் லேப் போட்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும். பயோடெக் கம்பெனிகள் எல்லாம் பெங்களூரு, ஹைதராபாத் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் கிரிவலப் பாதை ஓரம் பாட்டிலில் வாழைக்கன்று வளர்க்கிறேன். சொந்த ஊர்ப் பாசமா, பெரிய ஊரில் தோற்றுவிடுவேனோ என்ற பயமா? ஐம்பத்து நாலு வயதாகியும் பதில் தெரியவில்லை. என்னிடம் இருக்கும் ஒரே விஞ்ஞானி ரேவதி. போன மாதம் அவருக்குப் பெங்களூரிலிருந்து வேலை வந்தது. அவர் போனால் லேபை மூட வேண்டியதுதான்.

பௌர்ணமியில் வந்த பெட்டி

கன்றில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் என்சைம் ஐஸ் பெட்டியில் வரும். காலண்டர் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டேன். பெட்டி வந்த நாள் பௌர்ணமி. கூரியர் வண்டியைப் போலீஸ்காரர்கள் செங்கம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்தோடு நடந்தேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். பாதி வழியில் ஐஸ் கரைந்து காதில் சொட்டியது. ஐஸ்கிரீம் கடை ஏகாம்பரம்தான் தன் ஃப்ரீசரைத் திறந்துவிட்டார்.

"வெச்சிக்கோங்க சார். குச்சி ஐஸ் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, யாராவது வாங்கித் தின்னுடப் போறாங்க."

பக்கத்து லேப்

கன்று நடும் மேஜையில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் போய்விட்டது. சரிசெய்ய இன்ஜினியர் பெங்களூரிலிருந்து வர மூன்று நாள் ஆனது. அதற்குள் நூறு பாட்டிலில் பூஞ்சை. வேலை முடிந்து, பக்கத்தில் வாங்கிய ஒரு பை கத்தரிக்காயோடு கிளம்பும்போது சொன்னார்:

"அங்கெல்லாம் ஃபில்டர் போச்சுன்னா பக்கத்து லேப்ல கேட்டு வாங்கிக்குவாங்க சார். உங்களுக்குப் பக்கத்துல கத்தரித் தோட்டம்தானே இருக்கு."

ரேவதி சொன்ன காரணம்

"சம்பளமாம்மா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். கேட்டதும் கூச்சமாக இருந்தது. ரேவதி பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சம்பளம் ஜாஸ்திதான் சார். ஆனா அது இல்ல. அங்க ஒரு கம்பெனியை மூடிட்டா அடுத்த தெருவுல இன்னொண்ணு இருக்கும். இங்க உங்க லேபை மூடிட்டா நான் பி.எட். படிக்கத்தான் போகணும்."

மாடி அறை

சொன்னது நியாயம். என் பயத்துக்கு அவரை ஏன் காவல் வைக்க வேண்டும்? விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ரேவதி அதை வாங்காமல் மாடிப்படியைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் ஸ்கூல் வேலையை விட்டுட்டு வரமாட்டேன்றாரு சார். பெங்களூருக்கு வரலைனு சொல்லிட்டேன். மாடி ரூம் சும்மாத்தானே கெடக்குது? சாமந்திக் கன்னுக்கு நான் தனியா ஒரு லேப் போடறேன். காலையில உங்க வேலை, மதியத்துக்கு மேல என் வேலை. ஃபில்டர் போச்சுன்னா கீழ வந்து கேப்பேன், இல்லைனு சொல்லக்கூடாது."

பயோடெக் கம்பெனிகள் ஏன் ஒரே இடத்தில் கூடுகின்றன என்று இனி யாராவது கேட்டால், எங்கள் ஊரில் இரண்டு கம்பெனிகள் கூடியது ஒருவருக்குத் துணிச்சல் இல்லாமலும் இன்னொருவருக்கு வீட்டில் சம்மதம் கிடைக்காமலும்தான் என்று சொல்வதாக இருக்கிறேன்.